ஒரே வீட்டில் நாலு கம்பெனி போன்

போன ஓணத்துக்குக் குமரி மாவட்டத்துத் தக்கலை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பிட்டு இலை எடுத்த கையோடு எல்லோரும் தேடியது சார்ஜரைத்தான். ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அம்மையின் சாம்சங், அக்காவின் விவோ, அக்கா மகனின் ரெட்மி மூன்றும் ஒரே டைப்-சி வயரில் முறை வைத்துச் சார்ஜ் ஏறின. கத்தாரிலிருந்து லீவுக்கு வந்திருந்த அண்ணனின் ஐபோன் 13-க்கு மட்டும் அந்த வயர் சேராது. அதன் வயரை அவன் தோகாவிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான்.

"இவ்வளவு வெல குடுத்து வாங்கினியே மக்களே, ஊரோட ஒத்துப் போற ஒரு வயரு இல்லியா?" என்று அம்மை கேட்டாள். அண்ணன் பதில் சொல்லாமல் பக்கத்து வீட்டுக்கு வயர் இரவல் கேட்கப் போனான். அடுத்த போன் என்ன வாங்கப் போகிறாய் என்று திரும்பி வந்தவனிடம் கேட்டேன். "ஐபோன்தான். 15-லேர்ந்து அவனும் டைப்-சி ஆக்கிட்டான்லா" என்றான்.

அன்றைக்கு வீட்டிலிருந்த யாரைக் கேட்டாலும் தன் போன்தான் நல்லது என்பார்கள். காரணம் கேட்டால் கேமரா, பேட்டரி என்று தொடங்குவார்கள். முதல் தடவை வாங்குவதற்கு அது சரி. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அதே கம்பெனிக்கே போகிறார்களே, அதற்கான காரணம் பெரும்பாலும் போனுக்கு வெளியே இருக்கிறது என்பது என் கட்சி. பத்து வருஷத்தில் நாலு கம்பெனி மாறியவன் நான். அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அம்மையிலிருந்து தொடங்குகிறேன். அவள் முதலில் வைத்திருந்தது நோக்கியா 1100. 2003-ல் வந்த போன், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அம்மைக்கு அதில் பிடித்தது தலையில் இருந்த டார்ச். ஆனி, ஆடி மழையில் கரண்ட் போனால் அடுக்களைக்கும் தொழுவத்துக்கும் அதுதான் வெளிச்சம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் போன் என்றாலே நோக்கியா. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தபோது ஏதோ சொந்தக்காரர் வீடு கட்டியது போல எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது.

இவ்வளவு பிடிப்பாக இருந்த ஜனம் நோக்கியாவை ஏன் விட்டது? என்னைக் கேட்டால் ஜனம் விடவில்லை. ஊரெல்லாம் ஆண்ட்ராய்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 2011-ல் நோக்கியா விண்டோஸ் பக்கம் போனது. வளைகுடாவில் இருக்கும் மகன் முகத்தை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று வந்தபோதுதான் அம்மை 1100-ஐ எடுத்து அலமாரியில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை.

அதன் பிறகு சாம்சங். 2017-ல் நோக்கியா பெயரில் ஆண்ட்ராய்டு போன்கள் மறுபடி இந்தியாவுக்கு வந்தன. பழைய பாசத்தில் அம்மைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மை மூன்றே வாரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காரணம் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. சாம்சங்கில் கீழே இருக்கும் மூன்று பொத்தான்களில் பின்னால் போகிற பொத்தான் வலப்பக்கம். நோக்கியாவில் அது இடப்பக்கம். அம்மையின் வலது கட்டைவிரல் பழக்க தோஷத்தில் வலப்பக்கமே போகும். திறந்து கிடக்கிற ஆப்பெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். "பேய் புடிச்ச போனு" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். பல வருஷத்து நோக்கியா பாசத்தை ஒரு பொத்தான் தோற்கடித்தது.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. கை பழகியதை விடுவது வயது ஏற ஏறக் கஷ்டம். அம்மைக்கு சாம்சங் பிடிக்கும் என்பதை விட, அவள் விரலுக்கு சாம்சங் தெரியும் என்பதுதான் சரி.

அண்ணன் கதை வேறு. அமெரிக்காவில் ஐபோனை விட முடியாமல் பலரைப் பிடித்து வைத்திருப்பது ஆப்பிளின் சொந்தச் செய்தி வசதியான ஐமெசேஜ் என்பார்கள். ஆண்ட்ராய்டுக்காரனுக்கு அனுப்பும் செய்தி ஐபோனில் பச்சைக் கட்டத்தில் வரும், நண்பர்கள் கேலி பண்ணுவார்கள். அந்தக் கயிறு நம் ஊரில் செல்லாது. இங்கே கல்யாணப் பத்திரிகையிலிருந்து ரப்பர் விலை வரைக்கும் வாட்ஸப்தான். அண்ணனைப் பிடித்து வைத்திருப்பது அவன் ரூமில் கூட இருக்கும் ஐந்து பேரும் ஐபோன்காரர்கள் என்பது. படம் அனுப்பினால் போனுக்குப் போன் நேராகப் போகும் ஏர்டிராப், வயர் இல்லையென்றால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் (தக்கலைக்கு லீவில் வரும்போதுதான் பாடு). அப்புறம் ஆப்பிளின் இணையக் கிடங்கான ஐகிளவுடில் கிடக்கும் எட்டு வருஷத்துப் பிள்ளைகள் படம். பிள்ளைகள் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவனுக்கு அந்தப் படங்கள் என்ன மதிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அவற்றை வேறு இடத்துக்கு மாற்ற முடியும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் பயம்.

ஐபோன் விசுவாசம் எங்கள் பக்கத்தில் பரம்பரைச் சொத்து போலவும் இறங்குகிறது. புதுசு வாங்கும்போது பழையது மைனிக்கு. மைனியுடையது அவள் தம்பிக்கு. இப்படிக் கை மாறி வந்தவர்களுக்கு அடுத்த தடவையும் ஐபோன்தான் வேண்டும். ஒருமுறை அண்ணன் தன் கணக்கை நீக்காமலே போனை மைனி தம்பிக்குக் கொடுத்துவிட்டான். பையன் போனை அழித்துப் புதிதாகத் தொடங்கப் பார்த்தான். பழைய பாஸ்வேர்டைப் போடு என்று திரையில் வந்து நின்றுவிட்டது. திருட்டுப் போனைப் பயன்படுத்த முடியாமல் செய்ய 2013-ல் ஆப்பிள் கொண்டுவந்த பூட்டு அது. அண்ணனுக்கோ நைட் ஷிஃப்ட். இரண்டு நாள் அந்தப் போன் மேசையில் கல்லாகக் கிடந்தது. திருடனைத் தடுக்கிற பூட்டுக்கு மச்சினன் யார், திருடன் யார் என்று எப்படித் தெரியும்?

அண்ணன் கத்தாரிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் சாமான் சென்னைக்குப் பக்கத்திலும் தயாராகிறது என்பது இன்னொரு வேடிக்கை. 2020-ல் ஐபோன் 11-ஐ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாக்ஸ்கான் செய்யத் தொடங்கியது. நோக்கியாவை இழந்த அதே ஊர்.

சாம்சங்கையும் ஐபோனையும் கணக்குப் பார்த்து ஒப்பிட்டால், கேமராவை விட முக்கியம் எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்பது. ஐபோன் இதில் முன்னோடி. 2015-ல் வந்த 6எஸ், 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 வரைக்கும் போனது. ஆண்ட்ராய்டுகாரர்கள் இரண்டு வருஷத்தில் கைவிட்ட காலம் அது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2024-ல் வந்த சாம்சங் எஸ்24-க்கு ஏழு வருஷம் என்று சொன்னார்கள். விலை குறைந்த ஏ16 5ஜி-க்கே ஆறு வருஷம். ஒரு போனை உடையும் வரை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதுதான் பெரிய விஷயம். பழையதை விற்கும்போது கிடைக்கும் காசில் ஐபோன் இன்னமும் மேலே. மாற்றிக்கொண்டே இருப்பவனுக்கு ஐபோன், வைத்துத் தேய்ப்பவனுக்கு சாம்சங் என்பேன்.

விவோவும் ரெட்மியும் என்று வந்தால் விஷயம் போனைத் தாண்டி, எங்கே வாங்குகிறோம் என்பதில் வந்து நிற்கிறது. ரெட்மியின் கம்பெனியான ஷாவ்மி 2014 ஜூலையில் இணையம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. கடை இல்லை, ஏஜென்ட் இல்லை, அதனால் விலை குறைவு. போன் விற்பதில் நிகர லாபம் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று 2018-ல் அறிவித்தார்கள். மீதி வருமானத்துக்குத்தான் போனுக்குள்ளேயே விளம்பரம் வைத்தார்கள். என் மருமகன் அந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாக அணைத்து வைத்திருக்கிறான். எங்கே போய் எதை அணைக்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். அந்த வித்தை தெரிந்தவனுக்கு ரெட்மி லாபம். டிவி ரிமோட்டாகவும் அதையே வைத்திருக்கிறான். கிரிக்கெட் நேரத்தில் அவனுக்கும் அத்தானுக்கும் சண்டை வருவதே அதனால்தான்.

அக்கா அப்படி இல்லை. திங்கள்சந்தையில் ஒரு கடையில் மாசத்தவணையில் வாங்கினாள். கூடவே பழைய போனிலிருந்த படம், நம்பர், வாட்ஸப் எல்லாம் மாற்றிக் கொடுத்து, கண்ணாடி ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த கடைப் பையன் ஒருவன். போனில் என்ன வந்தாலும் அவனிடம்தான் ஓடுவாள். ஒருநாள் போன் சத்தமே வரவில்லை என்று அரை மணி நேரம் பஸ்ஸில் போனாள். பையன் வாங்கிப் பார்த்து, பக்கத்துப் பொத்தானை ஒருமுறை அமுக்கித் திருப்பிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அடுத்த போனும் அக்கா அங்கேதான் வாங்குவாள். அந்தப் பையன் நாளைக்கு வேறு கம்பெனியை எடுத்து நீட்டினால் அதையும் வாங்குவாள். 2016-ல் தொடங்கிப் பல வருஷம் ஐபிஎல்லுக்குப் பெயர் கொடுத்த கம்பெனி விவோ, 2024-ல் இந்தியாவில் அதிகம் போன் விற்றதும் அதுதான். டிவி விளம்பரம் பேரைத் தெரியவைத்தது, வாங்கவைத்தது இந்தப் பையன்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆப்போவா விவோவா என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் நல்ல விலை கொடுத்து வாங்கிய போனில், இரண்டாம் வருஷம் ஒரு அப்டேட் போட்ட மறுநாள், திரையில் மேலிருந்து கீழ் வரைக்கும் நூல் மாதிரி ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும், காசு உங்களுடையது என்றார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். இந்தக் கோடு வேறு பல கம்பெனி போன்களிலும் வந்திருக்கிறது. அதோடு அந்தக் கம்பெனிக்குக் கும்பிடு போட்டேன். இதில் நான் மறக்காதது இன்னொன்று. அதே மாடல் என் கூட்டுக்காரன் ஒருவனுக்கும் அதே கோடு வந்தது. அவன் போன கவுண்டரில் இருந்தவர் மெனக்கெட்டு மேலே எழுதி, இலவசமாக மாற்றி வாங்கிக் கொடுத்தார். அவன் இன்றைக்கும் அந்தக் கம்பெனி போன்தான் வைத்திருக்கிறான். ஒரே போன், ஒரே கோளாறு. ஒருவன் பக்தன், ஒருவன் பகையாளி.

நம் மாவட்டத்தில் வேலையும் ஒரு கணக்கு. அத்தான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஏறினால் சிரட்டையில் பால் எடுத்து இறங்க வெயில் வந்துவிடும். கோட்டயம் ஷீட் விலை என்ன என்று பார்க்கப் போனை எடுத்தால் விரல் ரேகை எடுபடாது. கட்டைவிரலில் காய்ந்த ரப்பர் பால் மெல்லிய தோல் மாதிரி ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி, உருட்டி, கீழே போட்டுவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்பார். சில நாள் திறக்கும். எந்தக் கம்பெனி போனானாலும் இதே கதைதான். அத்தானுக்குக் கம்பெனி விசுவாசம் எல்லாம் கிடையாது. அக்கா எதைக் கழிக்கிறாளோ அதுதான் அவர் போன்.

குளச்சலில் வள்ளத்துக்குப் போகும் என் சிநேகிதன் போனைக் கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருப்பான். பெட்டியில் தண்ணீர் தாங்கும் தரம் ஐபி68 என்று எழுதியிருப்பதைக் காட்டினால் சிரிப்பான். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. உப்புத் தண்ணீருக்கு யாரும் பொறுப்பு இல்லை. சார்ஜ் போடும் துளையில் உப்பு பூத்துவிட்டால் விலை கூடிய போனும் குறைந்த போனும் ஒன்றுதான். அதனால் அவன் கடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறான். கடலுக்கு இருப்பதில் மலிவானது எது என்று மட்டும் பார்ப்பான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் சிக்னலே இல்லை, அங்கே வயர்லெஸ்தான் பேச்சு. ஐபோன் 14-லிருந்து சிக்னல் இல்லாத இடத்தில் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் வசதி வந்ததே, அது இந்தியாவில் தரப்படவில்லை. 2017 ஒக்கி புயலில் கடலில் ஆட்களைத் தேடிய ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் போனைப் பற்றி வேறு கேள்வி கேட்கமாட்டார்கள்.

சரி, இப்போது வீட்டில் நடப்பு என்னவென்றால், அம்மையின் சாம்சங் தவழ ஆரம்பித்துவிட்டது. அடுத்து எது வாங்கலாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்ணன் தன் ஐபோன் 13-ஐத் தருகிறேன் என்கிறான், அக்கா திங்கள்சந்தைப் பையனிடம் கேட்கலாம் என்கிறாள், மருமகன் இரவு பன்னிரண்டு மணிக்கு ஆஃபர் வருகிறது என்கிறான். நான் ஏ வரிசை சாம்சங் ஒன்றைப் பார்த்து வைத்து, ஆறு வருஷம் அப்டேட் வரும் அம்மா என்றேன்.

"ஆறு வருசமா? அதுக்குள்ள எனக்க கண்ணு தெரியுமா பாரு மக்களே" என்றாள். பிறகு பழைய போனைக் கையில் எடுத்து வலது கட்டைவிரலை வைத்துக் காட்டினாள். "பொத்தான் இந்தப் பக்கம் இருக்கணும். டார்ச்சு வேணும். பாக்கி எல்லாம் நீ பாத்துக்க."