மண்ணீரல் கட்டிக்கு சோனோவ்யூ: எங்கே கைகொடுக்கும், எங்கே தடுமாறும்

அல்ட்ராசவுண்டில் மண்ணீரலில் தற்செயலாக ஒரு கட்டி தெரிந்தால், அடுத்த படிக்கு சோனோவ்யூ நல்ல தேர்வு; இது ரத்தநாளத்தில் ஏற்றும் நுண்ணிய வாயுக்குமிழி மருந்து, ரத்தம் பாயும் இடங்களை அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று காட்டும். கதிர்வீச்சு இல்லை, குமிழி வாயு மூச்சு வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் தரலாம்.

குப்பியில் 5 மில்லி சலைன் விட்டு 20 விநாடி பலமாகக் குலுக்கவேண்டும். 1.2 முதல் 2.4 மில்லி ஏற்றி, உடனே 5 மில்லி சலைன். மெல்லிய ஊசியில் அழுத்தித் தள்ளினால் குமிழி உடைந்துவிடும்.

தொடக்கத்தில் ஆரோக்கியமான மண்ணீரலே வரிவரியாகத் தெரியும்; அதைக் கட்டி என்று எழுதுவதுதான் பெரிய தவறு. சுமார் 60 விநாடியில் சீராகிவிடும். நீர்க்கட்டிக்குள் குமிழி நுழையாது. ரத்த ஓட்டம் நின்றுபோன பகுதியும் அப்படித்தான், ஆனால் அது பெரும்பாலும் ஆப்பு வடிவில் இருக்கும்.

ஹெமாஞ்சியோமாவில்தான் (ரத்தநாளங்களால் ஆன தீங்கற்ற கட்டி) சிக்கல்: கல்லீரலில் காணும், ஓரத்திலிருந்து நிரம்பும் பாங்கு இங்கே அரிது. குமிழி சீக்கிரமே வெளியேறிக் கட்டி கறுத்துப்போனால், புற்றுநோயோ என்ற சந்தேகம் வரும்; எம்ஆர்ஐக்கு அனுப்புங்கள்.