ஷின்கான்சென் 500-ஆ, என்700-ஆ?

ஷின்கான்சென் என்னும் ஜப்பானின் புல்லட் ரயில்களில் 500, என்700 என்று இரண்டு மாடல்கள். அழகுக்கு மட்டும் ஓட்டுப் போடச் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு 500-க்குத்தான் போடுவேன். 1997-ல் ஜப்பானில் மணிக்கு 300 கி.மீ. ஓடிய ரயில், 15 மீட்டர் நீள மூக்கு, போர் விமானம் மாதிரி உருண்ட உடம்பு. ஆனால் அந்த உருண்டை உடம்புதான் வினையே: ஜன்னலோரம் உட்கார்ந்தால் சுவர் தலைப்பக்கம் உள்ளே வளைந்து வரும், கொஞ்சம் உயரமானவர் பாடு திண்டாட்டம். மூக்கு நீண்டதால் முதல் பெட்டியின் முன்பக்கத்தில் கதவுகூட வைக்க முடியவில்லை.

2007-ல் வந்த என்700-க்கும் அதே 300 வேகம்தான், மூக்கு மட்டும் 10.7 மீட்டர். வளைவுகளில் பெட்டி 1 டிகிரி சாயும், அதனால் டோக்கியோ–ஒசாகா இடையிலான டோகைடோ பாதையில் வேகத்தைக் குறைக்காமலே திரும்பலாம். ஜன்னலோர இருக்கைகளில் சார்ஜ் போட பிளக் உண்டு.

நொசோமி என்ற அதிவேக சேவையிலிருந்து 500-ஐ 2010-ல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2008-லிருந்து, 8 பெட்டியாகச் சுருங்கி, எல்லா நிலையத்திலும் நிற்கும் கொடாமா சேவைக்கு மாறத் தொடங்கியிருந்தது. படம் எடுக்க 500, பயணத்துக்கு என்700.