எ ஸ்டார் இஸ் பார்ன் (2018) இசைத்தொகுப்பு: பல ஆண்டுகள் கேட்ட அனுபவம்

2018 அக்டோபர் 5 அன்று வெளியான ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ படத்தின் இசைத்தொகுப்பை வந்த நாள் முதல் விடாமல் கேட்டு வருகிறேன். குடியால் சரிந்துகொண்டிருக்கும் ராக் பாடகன் ஜாக்சனாகப் படத்தின் இயக்குநர் பிராட்லி கூப்பரும், அவன் கைபிடித்து மேடையேற்ற, பின்னர் பாப் நட்சத்திரமாக உயரும் ஆலியாக லேடி காகாவும் நடித்துப் பாடியிருக்கிறார்கள். அந்த உயர்வுக்கு ஆலி என்ன விலை கொடுத்தாள் என்பதைத் திரையைப் பார்க்காமல், குரலை மட்டும் வைத்தே இத்தொகுப்பில் உணர்ந்துகொள்ள முடிகிறது. இத்தனை காலம் கழித்தும் இது சலிக்காததற்கு அதுவே காரணம்.

தொகுப்பிலுள்ள 34 தடங்களில் 19 மட்டுமே பாடல்கள். எஞ்சிய 15 படத்திலிருந்து எடுத்த வசனத் துணுக்குகள். கதை வசன ஒலிநாடாக்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. வரிசை கலைத்துக் கேட்டால் பாட்டுக்கு நடுவே பாதிப் பேச்சு வந்து விழுந்து எரிச்சலூட்டும் என்பது உண்மைதான். ஆனால் ‘பார்க்கிங் லாட்’ என்ற எட்டாவது தடத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். கடைக்கு வெளியே, வாத்தியம் ஏதுமில்லாமல், அப்போதுதான் மனதில் தோன்றிய சில வரிகளை ஆலி ஜாக்சனுக்குப் பாடிக் காட்டுகிறாள். அதே வரிகள் பன்னிரண்டாவது தடமான ‘ஷாலோ’வில் கிதாரோடும் கூட்டத்தின் ஆரவாரத்தோடும் திரும்பி வருகின்றன. 2019இல் ஆஸ்கர் பெற்ற அந்தப் பாடலைத் தனியே கேட்பதைவிட, இந்த நான்கு தட இடைவெளியைக் கடந்து வந்து கேட்பது பன்மடங்கு நிறைவு தருகிறது.

படப்பிடிப்பின்போது வாயசைப்புக்கு இடம் தராமல் அங்கேயே பாட வேண்டும் என்று காகா வற்புறுத்தியதன் பலன், நல்ல ஹெட்போனில் கேட்கும்போது தெளிவாகப் புலப்படுகிறது. ‘ஆல்வேஸ் ரிமெம்பர் அஸ் திஸ் வே’ பாடலில் அவர் மூச்சை இழுத்துக்கொள்ளும் ஒலியும், குரலை உயர்த்துமுன் வரும் சிறு தயக்கமும் அப்படியே இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியிருந்தால் இவற்றைத் துடைத்து எடுத்திருப்பார்கள். மேடைக் காட்சிகள் சிலவற்றை உண்மையான இசைவிழாக்களிலேயே எடுத்தார்கள். இதே கதையை வைத்து 1976இல் வந்த படத்தின் நாயகனும் பாடகருமான கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன், இங்கிலாந்தின் 2017 கிளாஸ்டன்பரி இசைவிழாவில் தமக்குரிய நேரத்தில் சில நிமிடங்களைக் கூப்பருக்கு விட்டுக்கொடுத்தார். ஜாக்சனுக்குப் பின்னால் வாசிக்கும் குழுவும் நடிகர்கள் அல்லர். புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் மகன் லூகாஸ் நெல்சனும் அவருடைய ‘பிராமிஸ் ஆஃப் தி ரியல்’ குழுவினரும்தான்.

தொகுப்பின் பின்பாதியில் ‘ஹீல் மீ’, ‘வை டிட் யூ டூ தட்?’, ‘ஹேர் பாடி ஃபேஸ்’ ஆகியவை வருகின்றன. இவை தரம் குறைந்தவை என்று ஒதுக்குவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே ஆலியின் குரல்மேல் குரல் அடுக்கப்படுகிறது, தாளம் இயந்திரக் கணக்கில் ஓடுகிறது, முன்பு கேட்ட மூச்சொலி காணாமல் போகிறது. நட்சத்திரமாவது என்றால் என்ன என்பதை எந்த வசனத்தையும்விட இந்த வேறுபாடு நன்றாகச் சொல்கிறது. அதோடு, பாடலாசிரியர் டயான் வாரன் பங்களித்த ‘வை டிட் யூ டூ தட்?’ காரில் போகும்போது கேட்க உண்மையிலேயே உற்சாகமான பாட்டு.

ஜாக்சனின் பாடல்களில் காலத்தைத் தாண்டி நிற்பது ஜேசன் இஸ்பெல் எழுதிய ‘மேபி இட்ஸ் டைம்’. பழைய வழிகளைக் கைவிடும் காலம் வந்துவிட்டதோ என்று ஒருவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதைக் கூப்பர் குரலை உயர்த்தாமல், தேர்ந்த பாடகர் என்று காட்டிக்கொள்ளும் முனைப்பில்லாமல் பாடியிருக்கிறார். இரவில் நான் அதிகம் கேட்பது இதைத்தான். ‘அலிபை’ போன்ற கிதார் முழக்கங்கள் படத்தில் பொருந்திய அளவுக்கு வீட்டில் பொருந்தவில்லை. இப்போது அவற்றைத் தாண்டிவிடுகிறேன்.

வாங்க நினைப்போருக்கு ஒரு செய்தி: வசனத் தடங்களில் கெட்ட வார்த்தைகள் வருவதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒலிபெருக்கியில் போடுவதற்கு வசனமில்லாத பதிப்பே ஏற்றது. தனியாகக் கேட்பவர்கள் முழுப் பதிப்பை எடுத்துக்கொண்டு, தடங்களுக்கிடையே இடைவெளி விழாதபடி செயலியின் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

இறுதிப் பாடலான ‘ஐல் நெவர் லவ் அகெய்ன்’ இரண்டு வடிவங்களில் இருக்கிறது. படம் பார்க்காதவர்கள் நீண்ட வடிவத்திலிருந்து தொடங்கலாம். காகாவின் குரல் தடையின்றி முழு உயரத்துக்கும் எழுவது அதில்தான். படம் பார்த்தவர்களுக்கு, கடைசியில் அவர் குரல் நின்று கூப்பரின் குரல் தொடரும் திரைவடிவம்தான் சரி. ஆனால் வேலைக்கு நடுவே அதைப் போட்டுவிடாதீர்கள். கேட்ட பிறகு உடனே வேறொன்றில் மனம் செல்லாது.