ஆளைப் பார்க்கும் ரேடார் என்று சொல்லி ஃபேனைப் பார்க்கும் ரேடாரை விற்றுவிட்டார்

உயரமான ஷெட், குடோன், கல்யாண மண்டபத்துக்கு ரேடார் சென்சார் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ராணிப்பேட்டையில் தோல் குடோன் வைத்திருக்கிறேன். தகரக் கூரை, 28 அடி உயரம். கரண்ட் பில் கட்டி மாளவில்லை. ஆள் இருந்தால் எரிந்து, போனால் அணைகிற மாதிரி லைட்டை மாற்றலாம் என்று இறங்கினேன். வேலூரிலிருந்து ஒருவர் வந்தார். பேர் வேண்டாம்.

"சார், பழைய பிஐஆர் சென்சார் உடம்புச் சூட்டைப் பார்க்குது. நம்ம ஊர் வெயில்ல தரையும் ஆளும் ஒரே சூடு, அது திணறும். இது ரேடார். மூச்சு விட்டாலே புடிச்சிடும். முப்பதடிக்கு நான் கேரண்டி."

முதல் பாதி உண்மை. அதனால்தான் மீதியையும் நம்பித் தொலைத்தேன். 12 சென்சார், ஒன்று 3,800 ரூபாய், மாட்டுக்கூலி தனி. செப்டம்பரில் மாட்டினார். ஜோராக எரிந்தது. பாக்கியையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

மார்கழி வந்தது. காலைக் குளிரில் யாரும் ஃபேன் போடவில்லை. செலக்‌ஷன் பார்க்கிற பாய் ஆட்டுத்தோலை விரித்து, கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் தேடிக் குனிந்திருக்கிறார். லைட் பொசுக்கென்று அணைகிறது. கையை ஆட்டினாலும் வரவில்லை. "மொதலாளி, ஃபேன் போட்டா எரியுது, நிறுத்துனா அணையுது. இன்னா கதை இது?" என்றார்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற அக்கா பையன் ஒன்றைக் கழற்றினான். உள்ளே 24 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல். ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். 75 சென்டிமீட்டர் வீதம் 8 படி, மொத்தம் 6 மீட்டர்தான் அதன் எல்லை. அதாவது 20 அடிகூட இல்லை. உட்கார்ந்திருக்கிறவர் தலைக்கும் கூரைக்கும் 24 அடி. நீளப் பைப்பில் தொங்குகிற ஃபேனுக்கோ 16 அடி. "மாமா, இது ஆளைப் பார்க்கவே இல்ல. மூணு மாசமா ஃபேனைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு."

தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் அலை 16-ல் ஒரு பங்காகிவிடுமாம். மூச்சில் நெஞ்சு அசைவதோ சில மில்லிமீட்டர். சுற்றுகிற இரும்பு இறக்கைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

விற்றவரைக் கூப்பிட்டேன். "தகரம் சார், அலை சிதறுது" என்றார். வந்து, அணையும் நேரத்தைக் கால் மணியாக்கிவிட்டு "சரி பண்ணிட்டேன்" என்று போனார். ஃபேனை ஒரு சுற்று விட்டால் கால் மணி எரியும், அவ்வளவுதான் அந்த ரிப்பேர். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. பில் என்று என்னிடம் இருப்பது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத வெள்ளைத் துண்டு.

இப்போது நாலு சென்சாரை மட்டும் பைப் போட்டு, ஃபேனுக்கும் கீழே, 10 அடியில் இறக்கியிருக்கிறேன். வேலை செய்கிறது. மீதி எட்டும் அட்டைப்பெட்டியில். 40 அடிக்கென்றே செய்த சென்சாரும் இருக்கிறது, விலைதான் வேறு. எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள், அணையும் நேரத்தைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள், ஒருவரைப் பத்து நிமிஷம் சும்மா உட்கார வையுங்கள்.

டப்பாவை விட்டுவிடாதீர்கள். "குப்பை உங்களுக்கெதுக்கு சார்" என்று அவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். போன வாரம் தோல் கட்டுக்குப் பின்னால் ஒன்று கிடைத்தது. பொடி எழுத்தில் இருந்தது: சீலிங்கில் மாட்டும் உயரம், 3 மீட்டர்.