நான்கு இளவேனில்கள், ஒரே 50 மி.மீ. லென்ஸ்

ஜூம் லென்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டு, 50 மி.மீ. பிரைம் (ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத்தூர லென்ஸ்) ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்து இது நான்காவது இளவேனில். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது. அதில் இந்த லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. காட்டும் அளவுக்குத்தான் காட்சியைப் பிடிக்கும்.

வாங்கிய புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறந்து எஃப் 1.8-லேயே எடுத்துத் தள்ளினேன். பின்னணி கரைந்துபோகும் அழகில் அப்படியொரு மயக்கம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மகரந்தத் தாள்களின் நுனி மட்டும் துல்லியமாக இருக்கும். இதழ் விளிம்பெல்லாம் மங்கலாகக் கிடக்கும். இந்த லென்ஸ் 45 செ.மீ.க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அந்தத் தூரத்தில் எஃப் 1.8 என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 மி.மீ. தான். காம்பு லேசாக அசைந்தாலே போச்சு. இப்போதெல்லாம் பூ என்றால் துளையைச் சுருக்கி எஃப் 4, ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல். அதற்காக ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு) 800-க்கு ஏறினாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த பூவை என்ன செய்ய? வெளுத்த வானத்தின் முன்னே கிளைகளை எடுக்கும்போது ஓரங்களில் தெரிந்த ஊதாக் கோடும் எஃப் 2.8 தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

என்னை அதிகம் படுத்தியது நிறம்தான். அடர்சிவப்புப் பூ ஒன்றை நல்ல வெயிலில் எடுத்தேன். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் ஒரு குறையும் தெரியவில்லை. திரையில் பார்த்தால் இதழ்களில் நரம்பே இல்லை, சிவப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. பொதுவான ஹிஸ்டோகிராம் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பச்சைக்கே அதிக எடை கொடுக்கிறது. சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிவது அதில் தெரியாது. அன்றிலிருந்து மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்கிறேன். சிவப்புக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைப்பேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). வெள்ளைப் பூக்கள் ஃபிரேமை நிறைத்தால் நேர்மாறு: கேமராவின் ஒளி மீட்டர் அவற்றைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். தளிருக்கு வெயில் பின்னாலிருந்து வரவேண்டும். அப்போதுதான் இலைக்குள் விளக்கு ஏற்றியதுபோல அந்த மஞ்சள்பச்சை எரியும். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அதே மரத்தின் பச்சை படத்துக்குப் படம் மாறுகிறது. டேலைட்டில் நிறுத்திவிட்டு, சென்சார் தரவை அப்படியே சேமிக்கும் RAW கோப்பாக எடுத்துவிடுவேன்.

இன்னும் கிட்டே போக 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையம்) ஒன்று வைத்திருக்கிறேன். மொட்டுகளுக்கு அருமை, ஆனால் மாட்டியிருக்கும் வரை தூரத்தில் எதுவும் ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர், மழை நனைத்த இலைகளின் பளபளப்பை எடுத்து உள்ளிருக்கும் பச்சையைக் காட்டும். பதிலுக்கு ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். லென்ஸில் மகரந்தம் படிந்தால் துணியால் தேய்க்காதீர்கள். ப்ளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நான் ஒருமுறை தேய்த்து, கண்ணாடி முழுக்க மஞ்சளாக இழுத்துவிட்டேன்.

தெருவுக்கு இந்த லென்ஸ் சரிவராது என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். குறுகலான சந்தில் பின்னால் நகர இடமே கிடைக்காது, அந்தக் குறை இன்றும் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கம் நின்று எடுக்கப் பழகியபின் அன்றாடக் காட்சிகளுக்கு இதைத்தான் அதிகம் நம்புகிறேன். ஆளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட வேண்டியதில்லை. எஃப் 5.6-ல் வைத்தால் ஆளும் தெளிவாக விழுவார், பின்னால் பூத்திருப்பது மரம்தான் என்பதும் தெரியும்.

போன வருடம் மழை விட்ட காலையில் ஒரு பெண்மணி, மரத்தடியில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்க வந்தார். சீட் முழுக்க ஈர இதழ்கள். கையால் ஒரே வீச்சில் தள்ளிவிட்டு ஏறிப் போயிருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து முன்கூடையில் போட்டார். மூன்று படம் எடுத்தேன். பிறகு அருகில் போய்க் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இரண்டாவதைச் சுட்டி, "இது நல்லா இருக்கு" என்றார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு விழாமல் இருக்கும் ஓர் இதழ், அதில்தான் ஃபோகஸ்.