எஸ்3 கோப்பைப் பொதுவில் திறக்க எது சரி: ஏசிஎல், பாலிசி, ப்ரீசைன்டு லிங்க், க்ளவுட்ஃப்ரண்ட்?

அமேசானின் இணையவழிக் கோப்புச் சேமிப்பான எஸ்3-இல் இருக்கும் கோப்பை வெளியாட்கள் பார்க்கும்படி செய்ய நான்கு வழிகள் பழக்கத்தில் உள்ளன. நான்கிலும் கோப்பு திறக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து, (எஸ்3-இல் கோப்புகளைப் போட்டுவைக்கும் பெட்டிதான் பக்கெட்) "இந்த பக்கெட்டில் எதெல்லாம் திறந்து கிடக்கிறது?" என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல முடிகிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏசிஎல், அதாவது யார் பார்க்கலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியல், அங்கேயே தோற்றுவிடுகிறது. ஏற்றும்போது 'பப்ளிக்-ரீட்' என்று சேர்த்தால் போதும், சுலபம்தான். ஆனால் அனுமதி ஒவ்வொரு கோப்போடும் தனித்தனியாக ஒட்டிக்கிடக்கும். லட்சம் கோப்பு இருந்தால் லட்சத்தையும் துழாவ வேண்டும். அதே பெயரில் புதுப் படத்தை ஏற்றினால் பழைய ஏசிஎல் தொடராது. மறுபடி சொல்லாவிட்டால், நேற்று வரை தெரிந்த படம் இன்று 403 (அனுமதி இல்லை) பிழை காட்டும். அப்புறம், 'ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்' என்றொரு குழு இருக்கிறது. நம் நிறுவனத்து ஆட்கள் என்று நினைத்து டிக் செய்துவிடாதீர்கள். உலகத்தில் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் க்ளவுட் சேவை) கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் அதில் அடக்கம்.

பக்கெட்டுக்கான விதிகளை எழுதும் பக்கெட் பாலிசியில் எல்லாம் ஒரே இடத்தில் எழுதியிருக்கும். 'படங்கள்' ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் யாரும் படிக்கலாம் என்று ஒரு விதியில் சொல்லிவிடலாம். நாளை ஏற்றும் படத்துக்கும் அது பொருந்தும். கோப்பைப் படிக்கவிடும் கெட்ஆப்ஜெக்ட் அனுமதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லிஸ்ட்பக்கெட்டையும் கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள் அத்தனையும் பட்டியலாக வெளியே போகும்.

ரசீது, மருத்துவ அறிக்கை போல ஒருவருக்கு மட்டும் போக வேண்டியதற்கு ப்ரீசைன்டு லிங்க்தான், அதாவது கெடு வைத்து முன்கூட்டியே கையொப்பமிட்ட இணைப்பு. அதிகபட்சம் 7 நாள் செல்லும். லாம்டாவிலிருந்து (ஏடபிள்யூஎஸ்ஸில் நிரலை ஓட்டும் சேவை) உருவாக்கினால், அது பயன்படுத்தும் ரோலின் (அனுமதிகள் கொண்ட அடையாளம்) தற்காலிகச் சாவி காலாவதியாகும்போதே லிங்க்கும் செத்துவிடும். லிங்க் யார் கையில் இருந்தாலும் திறக்கும், அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யும் பொத்தானும் கிடையாது. அதனால் கெடுவை நிமிடக் கணக்கில் வையுங்கள்.

இணையதளத்துக்கு என்றால் என் ஓட்டு க்ளவுட்ஃப்ரண்டுக்கு, அதாவது கோப்புகளைப் பார்வையாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமேசானின் விநியோகச் சேவைக்கு. 2022-இல் வந்த ஓஏசி (ஆரிஜின் ஆக்சஸ் கன்ட்ரோல்) வசதியோடு வைத்தால் பக்கெட்டைத் திறக்கவே வேண்டாம். க்ளவுட்ஃப்ரண்ட் மட்டுமே உள்ளே போகும். எஸ்3-இன் வெப்சைட் முகவரியில் கிடைக்காத எச்டிடிபிஎஸ்ஸும் வந்துவிடும். முதல் முறை அமைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

2017-இல் சுமார் 19.8 கோடி அமெரிக்க வாக்காளர்களின் விவரம் திறந்துகிடந்த எஸ்3 பக்கெட் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பொது அனுமதிகளைத் தடுக்கும் நான்கு சுவிட்ச் கொண்ட 'பிளாக் பப்ளிக் ஆக்சஸ்' வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து புது பக்கெட்டுகளில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, ஏசிஎல்லும் அணைந்தே இருக்கிறது. அதனால் பொதுப் பாலிசியைச் சேமிக்கப் போனால் 'ஆக்சஸ் டினைடு' என்று வரும். அந்த எரிச்சலில் நான்கு சுவிட்சையும் மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. நான்கில் இரண்டு ஏசிஎல்லுக்கானவை, அவற்றைத் தொடாதீர்கள். பாலிசிக்கான இரண்டை மட்டும், அந்த ஒரு பக்கெட்டில் மட்டும் அணையுங்கள். அதற்குப் பிறகும் தடுத்தால், கணக்கு மட்டத்தில் யாரோ பூட்டியிருக்கலாம். அந்தப் பூட்டைத் திறந்தால் மற்ற பக்கெட்டுகளும் அந்தப் பாதுகாப்பை இழக்கும். அதைவிட க்ளவுட்ஃப்ரண்ட் பக்கம் போய்விடுவது நல்லது.