ராஜ்தூத் 350: மூன்று வருடம் போர்ட்டிகோவில், நான்கு வருடம் ரோட்டில்

போன வாரம் பெட்ரோல் போடும்போது மீட்டர் 9,214 காட்டியது. 2021 டிசம்பரில் ஸ்பீடாமீட்டரைப் பிரித்துத் துடைத்து, பூஜ்யத்தில் வைத்துத்தான் மாட்டினேன். அதனால் இது முழுக்க நான் ஓட்டிய கணக்கு. வண்டி 1986 மாடல் ராஜ்தூத் 350, எல்டி. 2018-ல் பல்லடம் பக்கம் ஒரு கோழித் தீவனக் கிடங்கின் பின்னால் சாக்குக்கு அடியில் கிடந்ததை வாங்கினேன். கோவையில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் மூன்று வருடம் துண்டு துண்டாகக் கிடந்து, பிறகு ரோட்டுக்கு வந்தது. கண்காட்சியில் நிறுத்துகிற அழகு இதற்குக் கிடையாது. வாரத்துக்கு இரண்டு நாள் ஓடுகிறது. எது தாங்கியது, எது கைவிட்டது, எந்தக் காசு தண்டம் என்று எழுதி வைத்தால் இதே பைத்தியம் பிடித்த யாருக்காவது உதவும்.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. யமஹா 1973-ல் உலகச் சந்தைக்கு விட்ட ஆர்டி350-ஐ, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ஹெச்டி 30.5 குதிரைத்திறன். பெட்ரோல் குடிப்பதைக் குறைக்க அடக்கி விட்டது எல்டி, 27 குதிரைத்திறன். ஜப்பான் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது, நமக்குக் கொடுத்தது டிரம். புல்லட்டும் யெஸ்டியும் ஓடிக்கொண்டிருந்த ரோட்டில் இது வேறு ஜாதி மிருகம். ஆனால் ஓரிரு வருடத்திலேயே 100 சிசி ஜப்பான் வண்டிகள் வந்துவிட்டன, ஊரே "எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்க ஆரம்பித்தது. லிட்டருக்கு இருபது, இருபத்தைந்தைத் தாண்டாத வண்டிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் ஏது? எண்பதுகளோடு கதை முடிந்தது.

வாங்கும் முன் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். ஃபிரேம் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் மேலே காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. இதில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விட்டுவிட்டு வந்திருப்பேன். பிஸ்டன் தேடினால் கிடைக்கும், இன்ஜின் நம்பர் கிடைக்காது.

அதற்கப்புறம் செய்தது எல்லாம் தலைகீழ். வண்டி வீட்டுக்கு வந்த உற்சாகத்தில் முதலில் டேங்கை பெயின்டிங்குக்குக் கொடுத்தேன். சைலன்சருக்குக் குரோம், ரிம்முக்குக் குரோம். எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். சிவப்பில் தகதகவென்று வந்த டேங்கைத் துணி சுற்றி பீரோ மேலே வைத்து, வருவோர் போவோரிடமெல்லாம் இறக்கிக் காட்டினேன். ஒன்றரை வருடம் கழித்து உள்ளே துரு எடுக்க எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றிய மறுநாள் காலை, டேங்கின் அடியில் ஈரம். துருதான் அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊசி முனை அளவில் நான்கு ஓட்டைகள். பற்றவைத்தார்கள், பெயின்ட் கருகியது. மறுபடி பெயின்ட். வீட்டில் அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

இன்ஜினைப் பொறுத்தவரை கோவையில் இருப்பது பாக்கியம். லேத் வேலைக்கு அலைய வேண்டியதில்லை. சிலிண்டர் இரண்டையும் போரிங் செய்து 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். சென்னை புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை ரயிலேறியதில் கிளட்ச் தட்டும் ஒரு ஜோடி கார்பரேட்டரும் கிடைத்தன. கிராங்கை மட்டும் வெளியே கொடுத்து அலைன்மென்ட் பார்த்தேன். கொடுத்த பட்டறையில், "சீல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மாத்தணும்னு இல்ல" என்றார்கள். கிராங்க் முனையைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். பழைய சீலைத் தொட்டுப் பார்த்தேன், எனக்கும் நல்லதாகவே தெரிந்தது. விட்டுவிட்டேன். இந்தப் பதிவில் பாதி அந்த ஒரு சீலைப் பற்றித்தான்.

900 கிலோமீட்டர் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தி ரோட்டில் அன்னூர் தாண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். சைலன்சர் சத்தம் சட்டென்று மெலிந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வண்டி கனத்தது. எப்போதும் இரண்டு விரல் கிளட்சில் வைத்திருக்கும் பழக்கம் காப்பாற்றியது, அழுத்திவிட்டேன். இல்லையென்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். புளியமரத்தடியில் நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் இரண்டையும் கழற்றினேன். வலது பிளக் கருப்பட்டி நிறத்தில் இருந்தது, இருக்க வேண்டியதும் அப்படித்தான். இடது பிளக் சுண்ணாம்பு தடவிய மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

ஆயில் குறைவு என்று நினைத்து, இன்ஜினுக்குத் தானாக ஆயில் விடும் ஆட்டோலூப் பம்பைச் சந்தேகப்பட்டேன், தப்பு. பெட்ரோல் வரும் துளையான ஜெட் சின்னதோ என்று கார்பரேட்டரைப் பிரித்தேன், அதுவும் தப்பு. கடைசியில் எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தேன். ஆர்எக்ஸ் 100 காலத்து ஆள். இடது பக்க மூடியைக் கழற்றச் சொல்லி, பிளக்குக்குத் தீப்பொறி நேரத்தைக் கொடுக்கும் பாயின்ட் பிளேட்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தார்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்குதுங்க. இங்க ஏர் இழுக்குதுங்க."

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் இருக்கும் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இடது பக்க சீல் வெளியை ஒட்டி இருக்கிறது. அது விட்டுக்கொடுத்தால் கூடுதலாகக் காற்று உள்ளே வரும், கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் வீங்கிச் சுவரைப் பிடிக்கும். வலது பக்க சீல் கியர் ஆயில் பக்கம் இருக்கிறது. அது போனால் ஆயிலை உறிஞ்சித் தெருவே தெரியாத அளவுக்குப் புகைக்கும். புகை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். இடது பக்கம் போனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, காற்றடித்துத்தான் பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் ஆட்களின் கணக்கு, ஆறு பிஎஸ்ஐ அழுத்தம் ஆறு நிமிடம் நிற்க வேண்டும் என்பது. அவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு டயர் கேஜ் சரிப்படாது. அப்பாவின் பழைய பிபி மிஷின் நினைவுக்கு வந்தது, டயல் வைத்தது. அதன் கடைசிக் கோடு 300 மி.மீ. பாதரசம். அது பிஎஸ்ஐ கணக்கில் 5.8. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கடையில் கிடைக்காது.

சைக்கிள் ட்யூபை வெட்டி, மேலே தகடு வைத்து சைலன்சர் வாய் இரண்டையும் அடைத்தேன். கார்பரேட்டர் வாய் ஒன்றை அடைத்து, இன்னொன்றில் ரப்பர் கார்க்கில் துளை போட்டு பிபி ட்யூபைச் செருகினேன். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள சீல் முழுதாக அடைக்கும் வகை அல்ல, அதனால் ஒரு பக்கம் ஊதினாலே அடுத்த பக்கமும் நிறையும். பல்பை அமுக்கினால் முள் 300-க்கு ஏறியது, கையை எடுத்ததும் விழுந்தது. பதினைந்து விநாடியில் பூஜ்யம். சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு இடது பக்கம் தடவியதும் கிராங்க் முனையைச் சுற்றி மெல்லிய நுரை ஒரு வளையமாகக் கட்டியது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "மாத்திரை எழுதிக் குடுத்துரு" என்றார்.

இன்ஜினை மறுபடி இறக்கி, சீல் எல்லாவற்றையும் மாற்றி, போரை 0.75-க்குக் கொண்டுபோனேன். சீலின் விலையைப் போல எத்தனையோ மடங்கு செலவு. மாட்டும் முன்பே டெஸ்ட் செய்தேன், ஆறு நிமிடத்தில் 300 என்பது 292 ஆனது, அவ்வளவுதான். அந்த வேலைக்குப் பிறகு 8,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இன்ஜின் ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை. இன்ஜின் கட்டி முடித்ததும் இந்த டெஸ்ட் செய்யாமல் கிக்கரில் கால் வைக்காதீர்கள்.

ஆட்டோலூப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு டேங்கிலேயே 2டி ஆயில் கலந்து ஓட்டச் சொல்பவர்கள் நிறைய. நான் பம்பை வைத்துக்கொண்டேன். ஆனால் ஆயில் போகும் ட்யூபை மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும் ட்யூபாக மாற்றினேன். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் தெரிந்துவிடும். கிளம்பும் முன் குனிந்து ஒரு பார்வை பார்ப்பேன், சாமி கும்பிடுவது மாதிரி ஆகிவிட்டது.

இனி பிரேக். இந்த வண்டியின் பெயரைக் கெடுத்தது வேகம் என்பார்கள். நிற்காததுதான் என்பது என் கட்சி. முன்னால் ஏழு அங்குல டிரம், இரண்டு ஷூவுக்கும் அவற்றை விரிக்கத் தனித்தனிக் கேம், இரண்டையும் இணைக்க ஒரு ராடு. அந்த ராடின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் ஒரு ஷூதான் பிடிக்கும், இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு மாதம் நான் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். சூலூர் அருகே ஒரு லாரியின் பின்பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படிக்கும் தூரம் வரை போய் நின்றேன்.

சக்கரத்தை ஸ்போக்கோடு லேத்தில் ஏற்றிப் பார்த்தால் டிரம் வட்டமாகவே இல்லை. ஸ்போக் இழுத்துக் கோணியிருக்கிறது. லேசாகக் கடைந்தார்கள். புது லைனிங் ஒட்டி, டிரம்முக்குள் சாக்பீஸ் பூசி, ஷூவை வைத்துச் சுற்றி எடுத்தேன். வெள்ளை ஒட்டிய மேட்டை உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி சாக்பீஸ், மறுபடி தேய்ப்பு. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. அப்புறம் ராடைக் கழற்றி, ஒவ்வொரு கேமையும் தனியாகத் திருப்பி ஷூ தொடும் இடத்தில் நிறுத்தி, அந்த நிலையில் ராடைப் பூட்டினேன். இப்போது அறுபதில் நம்பிக்கையாக நிற்கிறது. மழையில் முதல் இரண்டு அழுத்தத்துக்கு ஒன்றும் நடக்காது, அதைப் பழகித்தான் ஆக வேண்டும். வேறு வண்டியின் ஃபோர்க்கோடு டிஸ்க் மாட்டிவிடலாம், பலர் செய்கிறார்கள். மாற்றத்தை முறைப்படி ஆர்சியில் ஏற்றாவிட்டால் நாளைக்கு வம்பு என்று நான் போகவில்லை.

கார்பரேட்டர் இரண்டும் 28 மி.மீ. மிக்குனி. காது வளையம் அளவுள்ள சின்னக் கண்ணாடியைப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு இரண்டும் ஒன்றாக எழுகின்றனவா என்று பார்த்தால் போதும், மீட்டர் வேண்டாம். ஒயரிங் முழுக்கப் புதிது. பழையதை ஒட்டுப்போட்டுப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பாயின்டை இரண்டு வருடம் வைத்திருந்தேன், இடைவெளி 0.3-லிருந்து 0.4 மி.மீ.க்குள் வைத்து, மாதம் ஒரு முறை சரிபார்த்து. பிறகு எலக்ட்ரானிக் கிட் மாட்டினேன். பழைய வாசனை போய்விட்டது என்று நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். காலையில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகிறது, எனக்கு அது போதும்.

ஆர்டிஓ வேலை நினைத்த அளவு கஷ்டமில்லை. தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்ஷூரன்ஸ், பசுமை வரி, வண்டியை நேரில் காட்டுவது. முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள், பின் பிரேக் மிதித்தால் லைட் எரியவில்லை. என் தப்புதான். 'வின்டேஜ்' பதிவு வாங்கலாமே என்பார்கள், அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். புகைச் சோதனைக்குப் பயப்பட வேண்டாம். 2000-க்கு முந்தைய டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை போகலாம். இன்ஜின் சரியாக இருந்தால் இந்த வண்டியே தேறிவிடும்.

கடைசி ஒரு வருடமாகப் புதுத் தலைவலி, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பெட்ரோல் குழாயின் உள் ரப்பர் உப்பி ரிசர்வ் பக்கம் திரும்பவே மறுத்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் தங்கும். பத்து நாளுக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் கார்பரேட்டரை வடித்துவிடுகிறேன், டேங்கை விளிம்பு வரை நிரப்பி வைக்கிறேன். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றியாகிவிட்டது.

மொத்தச் செலவு, வண்டி விலை சேர்த்து, 2,60,000-ஐத் தொட்டது. குரோம் பாலிஷ் இரண்டாம் வருடமே புள்ளி விழுந்தது, கடையில் வாங்கிய உள்ளூர் சைலன்சர் வளையம் மூன்று தடவை மாற்றினேன். லேத்தில் கொடுத்த காசு ஒரு ரூபாய் வீணில்லை. இரண்டாவது கியர் இப்போது சூடான பிறகு சில நேரம் நழுவுகிறது, இன்னும் பிரிக்க மனம் வரவில்லை. ஆர்சி அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு பேட்டரி போட்ட புது பிபி மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பழையது டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவில் இருக்கிறது. போன தீபாவளி லீவில் சைலன்சர் வாயை அடைத்து ஊதிப் பார்த்தேன். ஆறு நிமிடம் முடிந்தபோது முள் 288-ல் நின்றது.